‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் ஆள்

வயிறு காய்ந்தால்தான் கலை பிறக்கும் என்று ஒரு மந்திரம் நம் வட்டத்தில் நீண்ட காலமாக ஓதப்பட்டு வருகிறது. ஓதுகிறவர்களில் பெரும்பாலோர் மாதம் பிறந்தால் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிறவர்கள். வறுமை அவர்களுக்குப் பிறத்தியார் வாழ்க்கையிலிருந்து எடுத்தாளக் கிடைத்த ஒரு படிமம். இதற்கு எதிர்ப்பாட்டும் ஒன்று உண்டு. கலைஞனின் வயிற்றை நிரப்பிவிட்டால் போதும், கலை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது. இது வளர்ச்சிக் கழகங்களிலும் விருது மேடைகளிலும் பாடப்படுவது. இரண்டும் பொய். கலையைப் பற்றிய கேள்வியை வயிற்றைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிட்டு, அதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டதாக இரண்டு கட்சியும் நினைத்துக்கொள்கின்றன.

நான் விமர்சகன் இல்லை. பெரம்பலூரில் ஒரு சிறு அச்சகம் நடத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் வியாபாரிகளுக்கு மாதக் காலண்டர், நடுவே கவிதைத் தொகுதிகள். அட்டை வடிவமைப்பும் நானே. நன்றாக நடக்கிறது. கடன் இல்லை. அப்படியிருந்தும் கொஞ்ச காலமாக இருப்புக் கொள்ளவில்லை. இந்த இருப்புக்கொள்ளாமையை நண்பர்களிடம் சொன்னால், ‘உனக்கென்ன குறைச்சல்’ என்று ஒருவர் சிரிக்கிறார். ‘கடையை மூடிவிட்டு முழுநேரமும் எழுது, அப்போது தெரியும்’ என்று இன்னொருவர் துறவறம் உபதேசிக்கிறார். மேலே சொன்ன இரண்டு மந்திரங்களேதான். இவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

1

கட்சி பேசுகிறவர்கள் உடனே புதுமைப்பித்தனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1906இல் பிறந்தவர், 1948இல் காசநோயில் செத்தார். 42 வயது. அந்த 42ஐத்தான் கலையின் விலை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த விலையைத் தர அவர் சம்மதித்ததாக எங்கே எழுதி வைத்திருக்கிறார்? பத்திரிகைகளில் வேலை பார்த்தார். சினிமாவுக்கு எழுதப் போனார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு படக் கம்பெனிகூடத் தொடங்கினார். பிழைத்துக்கொள்ள எல்லா வழியிலும் முயன்ற மனிதரைப் பிடித்து வறுமையின் தெய்வமாக்கி மாலை போடுகிறோம். வறுமை அவர் கதைகளை எழுதித் தரவில்லை. 42க்குப் பிறகு அவர் எழுதியிருக்கக்கூடிய கதைகளை எழுதவிடாமல் அடித்தது.

வறுமைக்காரர்கள் பேசாமல் தாண்டிப் போகிற இன்னொரு பெயர் சுந்தர ராமசாமி. நாகர்கோவிலில் குடும்ப ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டவர். 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்தது, பேர் வாங்கியது. அதே ருசியில் இன்னும் நாலு நாவல் எழுதியிருந்தால் யாரும் ஒரு சொல் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதன் பிறகு சில வருஷங்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார். எழுபதுகளில் திரும்பி வந்தபோது வேறொரு மொழியோடு வந்தார். 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வந்தது. துணி வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு மனிதன் தன் வெற்றியின் மேல் சந்தேகப்பட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆக, வயிறு காய்வதும் நிறைவதும் இங்கே விஷயமில்லை. பிறகு சௌகரியம் ஏன் ஒரு தொழிலைக் கெடுக்கிறது? கெடுக்கத்தான் செய்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் அது பணத்தின் வழியாக வருவதில்லை. வேறு வாசல் வழியாக வருகிறது. அந்த வாசலைக் காட்ட, நான் அறிந்த தொழிலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

2

1995இல் பெரம்பலூர் மாவட்டத் தலைநகரானது. ஊரில் அலுவலகங்கள் வந்தன. படிவங்கள், பதிவேடுகள், லெட்டர்பேடுகள். 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2002இல் மறுபடி சேர்ந்தது. 2007இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் விலாசத்தில் மாவட்டத்தின் பெயர் மாறியது. பள்ளிக்கூடங்கள், கடைகள், சங்கங்கள் எல்லாம் புது லெட்டர்பேடு அடித்தாக வேண்டும். எங்கள் திறமைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு சிறு தொழிலுக்குச் சௌகரியம் இப்படித்தான் வருகிறது. அது யாரையும் சோதித்துப் பார்த்துவிட்டு வருவதில்லை.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தை, வைகாசி, ஆவணி மூன்றும் எங்களுக்கு அறுவடை. வருகிறவர் பத்துக்கு எட்டுப் பேர் உள்ளே நுழைந்ததும் சொல்வது ஒன்றுதான்: ‘அண்ணே, எங்க மச்சான் வீட்டுக்குப் போட்டீங்கல்ல, அதே மாதிரி போட்டுருங்க.’ அந்த மச்சான் வீட்டுப் பத்திரிகை கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயரை மாற்று, தேதியை மாற்று, மண்டபத்தை மாற்று. கால் மணி நேரம். நானே வேறொரு அமைப்பைப் போட்டுக் காட்டினால், ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுவே இருக்கட்டும்’ என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கல்யாணப் பத்திரிகை செய்தி சொல்ல வந்த தாள். அதில் புதுமை எதற்கு? கவனிக்க வேண்டியது வேறு. இந்த வேலையில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. என்னை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நான் நேற்றைவிட இன்று மோசமாகச் செய்தாலும் அதே பணம், அதே ‘நல்லாருக்கு’.

கவிதைத் தொகுதிகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ட்ரெடில் காலத்தில் ஒரு கவிஞர் கையெழுத்துப் பிரதியோடு வந்தால் அவர் முதலில் சந்திப்பது கம்பாசிட்டரை. எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறவர். வரி நீளமாக இருந்தால் ஸ்டிக்கில் அடங்காது, ‘எங்க உடைக்கட்டும்?’ என்று கேட்பார். கவிஞர் அதுவரை யோசித்திராத கேள்வி அது. புரூஃபில் ஒரு சொல்லை அடித்து மாற்றினால் அந்த வரியைப் பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டும். கம்பாசிட்டர் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைத் தாண்டியும் சொல்லை மாற்றியே தீருவேன் என்றால் அந்தச் சொல் கவிஞருக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது என்று அர்த்தம். பழையதைக் கொண்டாட இதைச் சொல்லவில்லை. அந்த ஈயத் தூசியைச் சுவாசித்தவர்கள் யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்க மாட்டார்கள். அதில் ஒரு எதிர்ப்பு இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பொருள் எதிர்த்தது, ஆள் எதிர்த்தது, செலவு எதிர்த்தது.

கடைசியில் பரணும் எதிர்த்தது. ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும். நூறு விற்கும், நூற்றைம்பது இனாமாகப் போகும், மிச்சம் மூட்டை கட்டிக் கவிஞர் வீட்டுப் பரணில் ஏறும். மழைக்காலத்தில் கறையான் பிடிக்கும். கொடுமைதான். ஆனால் அந்த மூட்டை தினமும் அவரைப் பார்த்து ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. நியாயமான தீர்ப்பாக அது இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் காத்திருக்கவில்லை என்ற செய்தியை மட்டும் அது மறைக்கவில்லை. இரண்டாவது தொகுதிக்கு வருவதற்கு முன் அவர் இரண்டு மூன்று வருஷம் யோசித்தார். அந்த அளவில் கறையானும் ஒரு விமர்சகன்தான்.

இப்போது டிஜிட்டல் மெஷினில் 50 பிரதி அடிக்கலாம். 30ம் அடிக்கலாம். வெளியீட்டு விழாவுக்கு வருகிறவர்களை எண்ணி அடித்துக்கொள்ளலாம். ஒரு மூட்டையும் மிஞ்சாது. விழாவில் பொன்னாடை, குழுப் படம், நான்கு வாழ்த்துரை. வாழ்த்துகிறவர்களும் போன மாதம் இதே மேடையில் வாழ்த்தப்பட்டவர்கள்தான். மொய் வைப்பது போல் திருப்பிச் செய்கிறார்கள். புத்தகம் விற்றுத் தீர்ந்தது என்று அறிவிப்பு. உண்மையும் அதுதான், 50ம் தீர்ந்துவிட்டது. ஆறு மாதத்தில் கவிஞர் அடுத்த தொகுதியோடு வந்து நிற்கிறார். இந்த ஏற்பாட்டில் எழுதியவனைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு மூலை முடுக்குகூட மிச்சமில்லை. இந்தத் தொகுதிகளை முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை வாசிக்கிற ஒரே ஆள், புரூஃப் பார்க்கிற நான்தான். எனக்கு அதற்குக் கூலி கிடைக்கிறது. பேசாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சௌகரியம் வருகிற வாசல் இது. அது நமக்குப் பணத்தைத் தருவதால் கெடுப்பதில்லை. மறுக்கிறவர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்திவிடுவதால் கெடுக்கிறது.

3

என் தொழில் அற்பமான தொழில், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்று சொல்லலாம். சரி, அற்பம் என்று யாரும் சொல்லத் துணியாத ஒரு தொழிலுக்குப் போவோம். அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். பக்கத்தில் தழுதாழை. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில், ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் வெட்டி எடுக்கிற சிற்பிகளின் ஊர். தெய்வ உருவங்கள், கோவில் வாகனங்கள், தேர்கள். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் விண்ணப்பித்து, 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அரும்பாவூர் என்று பெயர் சொல்லி விற்க முடியாது. அந்த ஊர்ப் பெயரால் பிழைக்கிற குடும்பங்களுக்கு இது நியாயம். யாரும் குறுக்கே பேசக்கூடாது.

ஆனால் இதைக் கலைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எழுதினார்களே, அங்கேதான் நான் குறுக்கே பேசுகிறேன். சட்டம் எதைப் பதிவு செய்கிறது? ஒரு பொருள் ஓர் இடத்தில் இன்ன விதமாகச் செய்யப்பட்டு வருகிறது என்பதை. மாறாமல் இருப்பதைத்தான் அதனால் காப்பாற்ற முடியும். நாளைக்கு அரும்பாவூரில் ஒரு இளைஞன் இதுவரை யாரும் செய்யாத ஒன்றை அதே கட்டையில் செய்தால், அதைப் பற்றிச் சொல்ல அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. இது சட்டத்தின் குறை இல்லை. அதன் வேலையே அதுதான். பதிவேட்டை விமர்சனம் என்று எடுத்துக்கொள்கிற நம்முடைய புத்தியைத்தான் சொல்கிறேன்.

ஒரு மரச்சிற்பப் பட்டறையில் இரண்டு விதமான வேலை நடக்கலாம். ஒன்று கோவில் வாகனம். மற்றது வீட்டு வரவேற்பறைப் பிள்ளையார். வாகனத்தைத் தோளில் தூக்குகிறார்கள். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் தூக்குகிறவனின் தோள் அன்று இரவே சொல்லிவிடும். தேர் என்றால் இன்னும் கடுமை. ஆயிரம் பேர் வடம் பிடிக்க, மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, நாலு முனையில் திரும்பி நிலைக்கு வர வேண்டும். செய்தவனை ஊரே சேர்ந்து பரிசோதிக்கிற நாள் அது. பட்டறையில் எத்தனை பேர் புகழ்ந்தாலும் தெருவில் தேர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரவேற்பறைப் பிள்ளையாருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. டிவிக்குப் பக்கத்தில் விளக்குப் போட்டு வைத்துவிடுவார்கள். துதிக்கை கொஞ்சம் உயிரில்லாமல் இருந்தாலும் அங்கே யாருக்கும் தோள் வலிக்காது. அடுத்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ‘அதே மாதிரி ஒண்ணு’ என்று சொல்லியனுப்புவார்.

இரண்டுக்கும் அதே மரம், அதே உளி, அதே கை. இரண்டிலும் பணம் உண்டு. ஒன்றில் ‘இது ஆகாது’ என்று சொல்ல ஒரு தெரு இருக்கிறது. மற்றதில் இல்லை. ஒரு தேர்ந்த சிற்பி இந்த இரண்டாவது வேலையிலும் தனக்குள் ஒரு தெருவை வைத்துக்கொண்டு செய்வான். எல்லோராலும் அது முடியாது. முடியாதவர்களைப் பழிக்க எனக்கோ உங்களுக்கோ யோக்கியதை கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு மரமும் இருக்கிறது. சாத்தனூரில். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் எழுதினார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மண் மூடிப்போன மரம். 18 மீட்டர் நீளம் அப்படியே கிடக்கிறது. தேசியப் புவியியல் சின்னம் என்று கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். மரத்தின் துகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் மெள்ள மெள்ளக் கல் வந்து உட்கார்ந்துகொண்டது. வடிவம் கலையவில்லை. பார்த்தால் மரம்தான் என்று சத்தியம் செய்வீர்கள். தட்டினால் கல். எந்தப் புயலும் அதை ஒன்றும் செய்யாது. எந்த உளியும் இனி அதிலிருந்து ஒரு வாகனத்தைச் செதுக்காது. மரபு மரபு என்று நாம் மேடையில் கைகாட்டுவது பல சமயம் அரும்பாவூர்க் கட்டையை இல்லை, இந்தச் சாத்தனூர் மரத்தை. யாரும் தொந்தரவு செய்யாமல் நெடுங்காலம் பத்திரமாக இருந்தால் மரம் இப்படித்தான் ஆகும்.

4

மறுக்க ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சாமிநாதையரின் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்த கதை என்பதாலேயே அதில் பாதியை நாம் விட்டுவிடுகிறோம்.

அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். இராமாயணக் கதையைப் பாட்டோடு சொல்லி, அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தோடு பெயர்ந்து, கிராமத்தார் ஆதரவில் பிழைத்தவர். இன்றைய பாஷையில் சொன்னால் சிறு கலைத் தொழில் நடத்தியவர். மகன் அரியலூரில் சடகோபையங்காரிடமும், பிறகு செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் படித்தான். கையில் ஒரு தொழில் தயாராக இருந்தது. கதை சொல்லத் தெரியும், பாடத் தெரியும், ஆதரிக்க ஊர்கள் இருந்தன. அதோடு நின்றிருந்தால் குன்னம் பக்கத்தில் ஒரு நல்ல பாகவதர் கிடைத்திருப்பார். பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தமக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேலே படிக்க மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும் என்று நினைக்கிற மனிதர்கள் அந்தச் சின்ன ஊர்களில் இருந்தார்கள். 1871இல் மாயூரத்துக்குப் போனான்.

இங்கே நிறுத்திவிட்டால் இது வெறும் முன்னேற்றக் கதை. விஷயம் இதற்குப் பிறகுதான். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 25 வயது. சம்பளம், மரியாதை, திருவாவடுதுறை மடத்தின் அன்பு. பிள்ளையவர்களின் மாணாக்கர் என்ற பெயர். அந்த வட்டாரத்தில் இதைவிடச் சௌகரியமான நாற்காலி ஒரு தமிழ் வித்துவானுக்குக் கிடையாது. அந்த வருஷம் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் ஜில்லா முன்சீபாகக் கும்பகோணத்துக்கு வருகிறார். ஐயர் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாக அடுக்குகிறார். யாரையும் அசர வைக்கிற பட்டியல். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன ஆயிற்று என்கிற தோரணை. பழைய நூல்கள் படித்ததுண்டா? சிந்தாமணி படித்ததுண்டா?

ஒரு உத்தியோகஸ்தர், அதுவும் தமிழாசிரியர் இல்லாதவர், ஒரு வித்துவானின் மொத்தப் படிப்பையும் முகத்துக்கு நேரே போதாது என்று சொல்கிறார். ஐயர் என்ன செய்திருக்கலாம்? ‘இவருக்குத் தமிழ் தெரியாது’ என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். நாம் எல்லோரும் செய்வது அது. அவருக்கு ஆதரவாகப் பேச ஒரு மடமே இருந்தது. அவர் அடுத்த தடவையும் போனார். அந்த ஏட்டை வாங்கினார். புரியாமல் தவித்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஏடு தேடிய பிரயாணங்களையும் கரையான் தின்ற சுவடிகளையும் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். அந்த உழைப்புக்கு முன்னால் இருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கௌரவமாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதனின் அடியிலிருந்து நாற்காலியை ஒருவர் மரியாதையோடு இழுத்தார். சம்பளம் நிற்கவில்லை, வயிறு காயவில்லை. ஆனால் பழையபடி உட்கார முடியவில்லை.

இருப்புக்கொள்ளாமை என்று நான் சொல்வது இதைத்தான்.

5

நம்மிடம் வருகிறேன்.

இப்போதெல்லாம் இருப்புக்கொள்ளாமையும் ஒரு அலங்காரமாகிவிட்டது. ‘என்னால் எதிலும் நிலைக்க முடியவில்லை’ என்று கவிதை எழுதி, அதே வடிவத்தில், அதே நீளத்தில், அதே இடத்தில் வரியை உடைத்து, பத்து வருஷமாக ஒரே இடத்தில் நிலைத்திருக்கிற கவிஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தவிப்பு அவர்களுக்கு ஒரு டிசைன். கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். மச்சான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கேட்கிறவர் இவர்களைவிட யோக்கியர். அவர் தனக்குப் பழையதே வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

நாம் சிறுபத்திரிகைக்காரர்கள், நமக்கும் சௌகரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1959இல் செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அந்தச் சிறுமையை அவர் தேர்ந்துகொண்டது உள்ளே சண்டை நடப்பதற்காக. தன் பத்திரிகையிலேயே ஒருவர் எழுத்தை இன்னொருவர் பிரித்துப் போட இடம் கொடுத்தார். 1970 வரை நஷ்டத்தோடு நடத்தினார். நாம் அந்தச் சிறுமையை வாரிசுரிமையாக எடுத்துக்கொண்டோம், சண்டையை விட்டுவிட்டோம். சிறு வட்டம் என்பது இன்று எதைத் தருகிறது? எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற கதகதப்பை. அவர் புத்தகத்துக்கு இவர் முன்னுரை, இவர் புத்தகத்துக்கு அவர் மதிப்புரை. பெரிய பத்திரிகைகளின் வியாபாரத்தைத் திட்டுகிறோம். அந்த வியாபாரத்திலாவது விற்கவில்லை என்றால் ஆசிரியர் தொடரை நிறுத்துகிறார். நம்மிடம் எதுவும் நிற்பதில்லை, ஏனென்றால் எதுவும் யாரையும் நம்பி இல்லை.

மறுக்கிற ஆளுக்கு அச்சுத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. எடிட்டர். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1974இல் க்ரியாவைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 2020இல் மறையும் வரை, கையெழுத்துப் பிரதியை எழுதியவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்று நம்பினார். அதை ஒரு சாதாரணத் தொழில் நியதியாகக் கொண்டார். நாம் அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லிப் புகைப்படம் மாட்டிவிட்டு, எடிட்டர் இல்லாத பதிப்பாளரைத் தேடிப் போனோம். இப்போது பெரம்பலூரிலும் அரியலூரிலும்கூடப் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. கடைகள் நிறைய, கூட்டம் நிறைய. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அதில் வேலை கிடைக்கிறது. ஆனால் அங்கே அடுக்கியிருக்கிற புதிய தமிழ்ப் புத்தகங்களில் எத்தனை, அச்சுக்குப் போகும் முன் எழுதியவனைத் தவிர இன்னொரு மனிதனால் எதிர்க்கப்பட்டவை?

மறுப்பே தரத்துக்கு உத்தரவாதம் என்றும் நான் சொல்லவில்லை. மறுக்கிறவர்களிலும் மூடர்கள் உண்டு. பொறாமையால் மறுக்கிறவன் உண்டு, ஜாதி பார்த்து மறுக்கிறவன் உண்டு, தனக்குப் பழக்கமில்லாதது என்பதாலேயே மறுக்கிறவன் உண்டு. புதுக்கவிதையையே கவிதை இல்லை என்று தள்ளிய பண்டிதர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பண்டிதர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில்தான் புதுக்கவிதைக்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிந்துகொண்டார்கள். மூடத்தனமான மறுப்பு கூடச் சில சமயம் வேலை வாங்கும். அன்பான சம்மதம் எதையும் வாங்காது.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். கடையை மூடப்போவதில்லை. மூன்று பேர் அதில் சம்பளம் வாங்குகிறார்கள். என் இருப்புக்கொள்ளாமைக்கு அவர்கள் வீட்டு அடுப்பு பலியாக வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், லெட்டர்பேடு வழக்கம் போல நடக்கும். இலக்கியப் புத்தகத்துக்கு மட்டும் வருகிற தையிலிருந்து ஒரு விதி. அணிந்துரையோடு வருகிற பிரதியை வாங்கமாட்டேன். உங்கள் பிரதியை, உங்கள் எழுத்து பிடிக்காத ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்கே தெரியும் அவர் யார் என்று. ஏன் பிடிக்கவில்லை என்று அவர் இரண்டு பக்கம் எழுதித் தரட்டும். அந்த இரண்டு பக்கத்தையும் பிரதியோடு கொண்டுவாருங்கள். அதைப் புத்தகத்தில் போடச் சொல்லவில்லை. நீங்கள் அதை வாசித்துவிட்டு என்ன மாற்றினீர்கள், என்ன மாற்ற மறுத்தீர்கள் என்று எனக்குக் காட்டினால் போதும். ஒன்றுமே மாற்றவில்லை என்றாலும் சரி. ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். புரூஃபில் எனக்குத் தோன்றுவதையும் இனி ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

இந்த விதியால் ஆர்டர் குறையும் என்று கடைப் பையன் சொல்கிறான். கணக்குப் போட்டும் காட்டினான். பக்கத்துத் தெருவில் இன்னொரு டிஜிட்டல் மெஷின் வந்திருக்கிறது. அங்கே 50 பிரதி அன்றைக்கே கிடைக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போகிறவர்கள் போகலாம். இந்த ஏற்பாடே முட்டாள்தனம் என்று நினைக்கிற நண்பர்கள் அதையும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பட்டும். வாங்கி வாசிப்பேன்.